இங்கே குளிப்பது ஆபத்து

ரேவதி போனில் கேட்டது ஒரே ஒரு கேள்வி. நான் ஓய்வு பெற்ற பிரிவில்தான் அவள் இப்போது இன்ஜினியர். மாமல்லபுரம் கரையோரம் புது எச்சரிக்கைப் போர்டுகள் வைக்கிறார்களாம். அதில் எழுத்தே கிடையாது. அலைக்குள் ஓர் ஆள், அவன்மேல் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான்.

"அண்ணா, எழுபதுகள்லயே அங்க ஆள் உருவம் வெச்சு ஒரு போர்டு நின்னுச்சாமே. நீங்களும் அதுல இருந்தீங்கன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. அது வேலை செஞ்சுதா?"

செய்தது என்று சொன்னாலும் பொய், செய்யவில்லை என்று சொன்னாலும் பொய். அப்புறம் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. டீக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறேன். பால் பொங்கும் சத்தம் கேட்டு ஓடுகிறேன். எழுதிப் பார்த்தாலாவது அடங்குகிறதா, பார்க்கலாம்.

நான் பெயின்டர். சாலை வேலை பார்க்கும் ஓர் இலாகாவில், செங்கல்பட்டு கொளவாய் ஏரிப் பக்கம் இருந்த ஷெட்டில், தகரப் போர்டு எழுதுவதுதான் என் உத்தியோகம். அதற்கு முன்னால் ராட்டினங்கிணறு பக்கம் ஒரு கடையில் லாரிகளுக்குப் பின்பலகை எழுதினேன். சோடாக் கடைக்குப் பெயர் எழுதினேன், கட்சிக்காரர்களுக்குச் சுவர் எழுதினேன். தொழில் பழகியது அங்கேதான். பழகியதில் பாதியை இலாகாவுக்கு வந்த பிறகு மறக்க வேண்டியிருந்தது. மறக்க வைத்தவர் இன்ஜினியர் தர்மலிங்கம்.

சேலத்துக்காரர். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். சிடுசிடுவென்று இருப்பார், ஆனால் யாரையும் திட்டமாட்டார். பேன்ட் பாக்கெட்டில் கைக்குட்டை வைக்கிற இடத்தில் பெயின்டைத் துடைக்கும் டர்பன்டைனில் நனைத்த துணி ஒன்றை வைத்திருப்பார். அவர் பக்கத்தில் வந்தால் அந்த வாடைதான் முதலில் வரும்.

போர்டு எழுதுகிற முறை இது. தகரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு ஒரு கோட்டு அடிக்க வேண்டும். காய்ந்ததும் மஞ்சள் இரண்டு கோட்டு. பிறகு சாக்கட்டி தேய்த்த நூலை இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் பென்சிலால் வரைந்து, கறுப்பில் நிரப்ப வேண்டும். இது வரைக்கும் எந்தக் கடையிலும் உண்டு. அதற்கப்புறம்தான் தர்மலிங்கம் வருவார்.

பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே போர்டை ஜி.எஸ்.டி. ரோட்டு ஓரத்தில் ஒரு மரத்தில் சாய்த்து வைக்கச் சொல்வார். தூசி படிந்தால் படியட்டும் என்பார். நான் மோட்டார் சைக்கிளை ஓட்ட, பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வருவார். போர்டுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது நான் "சார்" என்று குரல் கொடுக்க வேண்டும். கண்ணைத் திறப்பார். அதைத் தாண்டிப் போவதற்குள் அவரால் படிக்க முடிந்தால் "ம்" என்பார். முடியவில்லை என்றால் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி வந்து, துணியை எடுத்து, தனக்குப் பிடிக்காத எழுத்தைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். ஏன் என்று சொல்லமாட்டார். எது தப்பு என்று நான்தான் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டு யோசிக்க வேண்டும்.

கல்பாக்கத்தில் பெரிய கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்த காலம். சிமென்ட் லாரிகள் புதுப்பட்டினம் வளைவில் கண்மண் தெரியாமல் திரும்பும். அந்த வளைவுக்கு எழுதிய போர்டுதான் அவரிடம் நான் காட்டிய முதல் வேலை. 'அபாயகரமான வளைவு' என்று எழுதி, கடைப் பழக்கத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பில் நிழல் போட்டிருந்தேன். தர்மலிங்கம் இறங்கி வந்து எல்லா நிழலையும் துடைத்தார். எழுத்தைத் தொடவில்லை. மறுபடி நிழல் இல்லாமல் எழுதி வைத்தேன். கண்ணைத் திறந்தார். "ம்" என்றார். அன்றிலிருந்து நான் அழகுக்காக எதையும் போட்டதில்லை.

அப்படி இருந்த எனக்கு டீச்சர் வந்து கேட்டது புரியவில்லை.

அவர் பெயர் சுகந்தி. மெட்ராசில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்து, வேலையை விட்டுவிட்டு, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்துக்குப் பக்கத்தில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். முப்பது வயது இருக்கும். குப்பத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. எங்கள் ஷெட்டில் கழித்துப் போடும் பழைய போர்டுகளை எடுக்கும் பழைய இரும்புக் கடையில் இருந்து சிலவற்றை வாங்கியிருக்கிறார். அதை எழுதியது யார் என்று விசாரித்துக்கொண்டு ஒருநாள் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"'சாலை வேலை நடைபெறுகிறது'ன்னு ஒரு போர்டு. அதுல ரெண்டு 'லை' வருது. அது உங்க கையா?"

அந்தக் காலத்து 'லை'க்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி உண்டு. ஏதோ தப்பு கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். "ஆமா டீச்சர். இன்னா அதுல?" என்றேன்.

"ரெண்டு துதிக்கையும் ஒண்ணு போல இல்ல. ஒண்ணு தூக்கியிருக்கு, ஒண்ணு களைச்சிருக்கு. ஒருநாள் வந்து பாருங்க, அதை என்ன பண்ணியிருக்கேன்னு."

கோவளம் ரோட்டைப் பார்வையிடப் போன ஒருநாள், தர்மலிங்கத்தோடு அங்கே போனேன். சவுக்குத் தோப்புக்குள் வீடு. கடல் ஒதுக்கியதெல்லாம் அவருடைய முற்றத்தில் இருந்தது. அறுந்த வலை, மிதவைக் கட்டைகள், ஒற்றைச் செருப்புகள், உப்பில் வெளுத்த கட்டுமர மரங்கள். கோதண்டம் என்ற மீனவர் கரையில் கிடைப்பதையெல்லாம் கொண்டுவந்து போடுவார். ஒரு டீயைக் குடித்துக்கொண்டு, டீச்சர் அதை என்ன செய்கிறார் என்று வேடிக்கை பார்ப்பார்.

வீட்டுப் பக்கச் சுவரில் என் போர்டுகள் இருந்தன. முழுப் போர்டு இல்லை. தகரத்தை வெட்டி, ஒரு வரி இதிலிருந்து, ஒரு சொல் அதிலிருந்து என்று எடுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஆணி அடித்திருந்தார்.

பள்ளிக்கூடம்
மெதுவாகச் செல்லவும்
பாலம் பழுது
மாற்று வழி
இல்லை

ஒவ்வொன்றையும் நான் எழுதிய நாள் ஞாபகம் இருந்தது. 'இல்லை' என்பது 'நிறுத்த அனுமதி இல்லை' என்ற போர்டின் கடைசிச் சொல். அதில் ஒரு சொல்லையும் டீச்சர் எழுதவில்லை. ஆனாலும் நான் எழுதாத ஒன்றை என் கையெழுத்திலேயே படித்துக்கொண்டு நின்றேன். அது எனக்குப் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று அப்போது தெரியவில்லை.

தர்மலிங்கம் அதையே பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து போனார். சவுக்கு மரத்தில் முதுகு இடித்ததும் நின்றார். "இங்கிருந்தும் படிக்க முடியுது" என்றார். பிறகு, "ஆனா இதைப் படிச்சவன் என்ன பண்ணணும்? வண்டியை நிறுத்தணுமா, போகணுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ண வேணாம் சார். கொஞ்ச நேரம் நின்னா போதும்."

"என் ரோட்டுல எவனும் நிக்கக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போய்விட்டார்.

அந்த வருஷம் கார்த்திகை மாதத்தில் கடல் பொங்கியது. பெரிய புயல் என்று சொல்ல முடியாது. ஆனால் அலை சவுக்குத் தோப்பு வரைக்கும் ஏறி இறங்கியது. இரண்டு மாதம் கழித்து, காணும் பொங்கல் அன்று, மாமல்லபுரத்தில் கரை கொள்ளாத கூட்டம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு மாட்டு வண்டியிலும் டிராக்டரிலும் உள்நாட்டுக் கிராமங்களில் இருந்து வந்தவர்கள். திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்து முனுசாமி என்ற பையன் கூட்டாளிகளோடு வந்திருந்தான். ஏர் ஓட்டுகிறவன், இருபத்திரண்டு வயது. எங்கள் ரோடு மணலில் போய் முடிகிற இடத்தில், உள்ளே பள்ளம் விழுந்து நீர் சுழித்து இழுக்கும் ஓர் இடம் உண்டு. குப்பத்துக்காரர்கள் யாரும் அங்கே இறங்கமாட்டார்கள். முனுசாமி இறங்கினான். மறுநாள் காலையில் அவனைத் தெற்கே ஒதுக்கியது.

அந்த இடத்தில் ஒரு போர்டு நின்றிருக்க வேண்டும். 'இங்கே குளிப்பது ஆபத்து' என்று நான் எழுதி, ஆங்கிள் கம்பியில் முடுக்கி நட்டது. அது அங்கே இல்லை.

போலீஸ் அதை டீச்சர் வீட்டில் கண்டுபிடித்தது. கொல்லையில் தென்னங்கீற்றுத் தடுப்புக்குள் அவர் குளிக்கிற இடம். அந்தத் தடுப்பின் வாசலில் போர்டை மாட்டியிருந்தார். இங்கே குளிப்பது ஆபத்து. மெட்ராசில் இருந்து வந்த அவருடைய சிநேகிதர்கள் எல்லாரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரு பகல் முழுக்க அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். விளையாட்டுக்கு மாட்ட ஒரு பெண்பிள்ளை போர்டைத் திருடியதால் ஓர் உயிர் போய்விட்டது என்று ஊர் முழுக்கப் பேச்சு. எங்கள் ஷெட்டுக்கு மேலதிகாரிகளிடம் இருந்து வாய்வார்த்தையாக ஒரு செய்தி வந்தது. போர்டு திருட்டுப் போனது என்று சொல்லிவிட்டால் இலாகாவுக்கு நல்லது.

தர்மலிங்கம் அதைக் கேட்டுக்கொண்டார். "வண்டியை எடுய்யா" என்றார். ஸ்டேஷனில் போர்டைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள், பின்னால் கம்பித் துண்டோடு. அவர் குனிந்து கம்பியின் கீழ் முனையைக் கட்டைவிரலால் அழுத்தினார். அப்பளம் போல உதிர்ந்தது. உதிர்ந்ததை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

விசாரணைக்கு வந்த அதிகாரி கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பயணியர் விடுதி வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்தார். என்னைக் கேட்டது ஒன்றுதான், போர்டு நான் எழுதியதா என்று. ஆமாம் என்றேன். கோதண்டத்தைக் கூப்பிட்டார்கள்.

"அல அட்ச்சிக்கினு வந்து போட்டுச்சு சார். நான் இன்னா கயட்டிக்கினா வந்தேன்? கார்த்திகைல கடலு ஏறுச்சே, அதுக்கு மறுநாளு. வயக்கமா டீச்சரம்மா வூட்டுக்குத்தான் எடுத்துனு போவேன். எடுத்துனு போனேன்."

தர்மலிங்கம் காகிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். "துரு சார். அடியில கம்பி முழுக்கத் துரு தின்னிருக்கு. அலை சாய்ச்சிருக்கு. யாரும் பிடுங்கல. விழுந்தது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ரெண்டு மாசமா தெரியல."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "இப்படியே எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க."

டீச்சர் எழுந்தார். அன்றைக்குத் தலை கூட வாரியிருக்கவில்லை. "கீழ கிடந்ததோ, பிடுங்கினதோ, நான் அதைப் பார்த்தேன் சார். என்ன எழுதியிருக்குன்னு படிச்சேன். படிச்சிட்டுச் சிரிச்சேன். எங்க நின்ன போர்டுன்னு ஒரு நிமிஷம் யோசிக்கல. அதையும் எழுதிக்கோங்க."

அதை அதிகாரி எழுதிக்கொள்ளவில்லை. அப்போதுதான் வராந்தாத் தூணோரம் நின்ற ஒரு பெண் பேசினாள். முனுசாமியின் அக்கா. பச்சையம்மாள் என்று பெயர். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தது அவள்தான்.

"நானும் பாத்துக்கினே கீறேன். தகரம் தகரம்னு அதையே பேசிக்கினு கீறீங்க. தகரம் அங்கியே நின்னுக்கினு இருந்தா மட்டும் இன்னா சார் ஆயிருக்கும்? எந்தம்பிக்கு ஒரு எழுத்து தெரியாது."

"கூட வந்தவங்க படிச்சுச் சொல்லியிருப்பாங்களேம்மா."

"அவனுங்களுக்கும் தெரியாது சார். எல்லாம் ஒண்ணா மாடு மேச்சவனுங்க."

அதிகாரி பேனாவை மூடினார். விபத்து என்று முடிந்தது. தர்மலிங்கத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. டீச்சரை விட்டுவிட்டார்கள்.

எனக்கு மட்டும் முடியவில்லை. நூலைச் சுண்டினால் கோடு கோணலாக விழுந்தது. ஒரு போர்டை எழுதுவதும் பாதியில் எழுந்து போவதுமாக இருந்தேன். ஒருநாள் வேலையைப் போட்டுவிட்டு பஸ் ஏறிப் புதுப்பட்டினம் போனேன். வளைவில் என் போர்டுக்கு அடியில் நிழலுக்காக மீன் கூடை வைத்து இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். "மேல இன்னாம்மா எழுதிக்கீது?" என்று கேட்டேன்.

"லாரி நிக்கற எடம்னு போட்டுக்கீறாங்க" என்றாள் ஒருத்தி.

"இல்ல, பெருசா ஏதோ கட்டறாங்களே, அதுக்கு வழி" என்றாள் அடுத்தவள்.

அங்கிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் ஒவ்வொரு போர்டாக இறங்கி இறங்கிக் கேட்டேன். வண்டிக்காரர்கள், செங்கல் சூளைக்குப் போகிறவர்கள், மாடு ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள். கேட்கக் கேட்க வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. சிலர் சரியாகப் படித்தார்கள். படிக்க வராதவர்களும் ஏதோ ஒரு பதில் சொன்னார்கள். தெரியாது என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மோட்டார் சைக்கிளில் கண்ணைத் திறந்து பார்த்தவர் ஓர் இன்ஜினியர். அவரால் படிக்க முடிகிறதா என்றுதான் நாங்கள் இத்தனை காலமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பஸ் பிடித்து டீச்சர் வீட்டுக்குப் போனேன். முற்றம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வலையையும் கட்டையையும் கோதண்டத்தை விட்டு மறுபடி கரையில் போடச் சொல்லிவிட்டாராம். சுவரில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"படிக்கத் தெரியாதவன் பாத்தாலும் தெரியற மாதிரி ஒண்ணு செய்யணும் டீச்சர். எனக்கு எழுத்துதான் வரும்."

"என் விளையாட்டு போதும் வேதாசலம். நீங்க கிளம்புங்க."

நான் கிளம்பவில்லை, அவர் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சவுக்குத் தோப்பு வழியாகப் பச்சையம்மாள் வந்தாள். தம்பிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, கடலில் பால் விட வந்தவள். கோதண்டம் வழி காட்டிக்கொண்டு வந்தார். டீச்சர் அவளைப் பார்த்ததும் பெட்டியை விட்டு எழுந்தார். திட்டப் போகிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"அந்தத் தகரம் எங்க?" என்று கேட்டாள்.

போலீஸ் அதை எடுத்த வீட்டிலேயே திருப்பிக் கொடுத்திருந்தது. டீச்சர் அதைக் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தார். எடுத்துவந்து முற்றத்தில் வைத்தார். பச்சையம்மாள் உட்கார்ந்து எழுத்தின்மேல் விரலால் தடவினாள்.

"இது இன்னா?"

"இங்கே" என்றேன்.

"இது?"

"குளிப்பது."

"அப்ப இதுதான் ஆபத்தா?" என்று கடைசிச் சொல்லைத் தொட்டாள். 'ஆ'வின் சுழியில் விரல் போய்ப் போய் வந்தது. "பாத்தா பயமாவே இல்லியே" என்றாள்.

டீச்சர் அவளுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார். "அவன் எதைப் பார்த்தா பயப்படுவான்?"

பச்சையம்மாள் யோசித்தாள். "எதுக்கும் பயப்பட மாட்டாம்மா. பாம்ப கையால புடிப்பான்."

கடலுக்குப் போய்ப் பாலை விட்டுவிட்டு, திரும்பி எங்களைப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் டீச்சர் தகரத்தை வெட்ட ஆரம்பித்தார். நான் லீவு போட்டுவிட்டுக் கூட இருந்தேன். அதே போர்டுதான். கத்தரியால் ஓர் ஆளை வெட்டியெடுத்தார். மார்பு வரைக்கும் உடம்பு, மேலே தூக்கிய இரண்டு கை, விரிந்த விரல்கள், திறந்த வாய். முகத்துக்குக் கண் வைக்கவில்லை. எழுத்தை அழிக்க வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். அதனால் உடம்பெல்லாம் எழுத்துத் துண்டுகள் இருந்தன. மார்பில் 'குளிப்', ஒரு கையில் 'ஆப', தாடைக்குக் கீழே தனியாக ஒரு 'து'. கோதண்டம் கட்டுமரத்தில் இருந்து கழன்ற ஒரு மரத்தைக் கொடுத்தார். அதை ஆழமாக நட்டு, உருவத்தை அதில் அறைந்தோம். மார்புக்குக் கீழே கிழிந்த வலையைச் சுற்றிக் கட்டினார். காற்றில் வலை அசையும்போது அந்த ஆள் உள்ளே போகிற மாதிரியே இருந்தது.

தர்மலிங்கத்துக்கு மாற்றல் உத்தரவு வந்திருந்தது, தென் கோடியில் எங்கோ. போகிற வாரம் வந்து பார்த்தார். மணலில் மோட்டார் சைக்கிள் ஓடாது. கண்ணை மூடிக்கொண்டு கோதண்டத்தின் கையைப் பிடித்து, தோப்பில் இருந்து நடந்து வந்தார். "சார்" என்றேன். கண்ணைத் திறந்தார். வழக்கமான "ம்" வரவில்லை. துணியும் வெளியே வரவில்லை. இலாகாவில் இதற்கு அனுமதி கிடைக்காது என்று அவருக்கும் டீச்சருக்கும் எனக்கும் தெரியும். "நான் இதைப் பார்க்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

ரேவதிக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அந்த உருவம் முதல் ஞாயிற்றுக்கிழமையே தோற்றுப்போனது. திங்கள் காலையில் டீச்சர் அதன் இரண்டு கைகளையும் வெட்டி எடுத்துவிட்டார். கை இல்லாமல் தலை மட்டும் வலைக்கு மேலே நின்றபோது ஜனங்கள் கொஞ்சம் நின்று பார்த்தார்கள். கை எங்கே என்று தேடினார்கள், சிலர் வேறு பக்கம் போனார்கள். அதற்கப்புறம் டீச்சர் அந்த வீட்டிலேயே பல வருஷம் இருந்தார், தகரத்தை வெட்டிக்கொண்டுதான் இருந்தார். நானும் ஷெட்டில் எழுத்தோடு படமும் போட்டேன், மேலே இருந்தவர்கள் கேட்டபோதெல்லாம் ஏதாவது சொல்லிச் சமாளித்தேன். உருவத்தை இரண்டு மழைக்காலம் கழித்துக் கடல் எடுத்துக்கொண்டது. அதற்குள் அங்கே யாரும் சாகவில்லை என்று எழுத ஆசைதான். சாகவில்லைதான், அதற்குக் கொஞ்சம் வடக்கே ஒருவர் மூழ்கிப் போனார்.

அந்த முதல் ஞாயிறு டீச்சரும் கோதண்டமும் நானும் தோப்பு ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பச்சையம்மாளும் வந்திருந்தாள். தம்பி போன இடத்தில் என்னவோ வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறி வந்தவள், எங்களோடு சேராமல் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

ஐந்தாறு ஆண்கள் வந்தார்கள். முனுசாமியின் வயதுதான் இருக்கும். உருவத்தைச் சுற்றிவந்து பார்த்தார்கள். ஒருவன் அதன் மாதிரியே கையைத் தூக்கி வாயைப் பிளந்து காட்ட, மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒருவன் சட்டையைக் கழற்றி அதன் கையில் மாட்டினான். அடுத்தவன் இன்னொரு கையில் துண்டைப் போட்டான். இன்னும் இரண்டு சட்டைகள். விரலில் ஒரு சாப்பாட்டுப் பை. மணலில் வைத்தால் அழுக்காகும், இது வசதியாக இருந்தது. எல்லாரும் தண்ணீருக்கு ஓடினார்கள்.

டீச்சர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கோதண்டம் எழுந்து ஓடினார். "டேய், அங்க எறங்காத. ஏறி வாங்கடா" என்று கத்தினார். நானும் கத்தினேன். அலை சத்தத்தில் எங்கள் குரல் எங்களுக்கே கேட்கவில்லை. அவர்கள் முழங்கால் அளவுக்குப் போய்விட்டார்கள்.

பச்சையம்மாள் ஓடவில்லை. நேராக உருவத்திடம் போனாள். சட்டைகளையும் துண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். பையை எடுத்துக்கொண்டாள். அத்தனையையும் மார்போடு அணைத்துக்கொண்டு, தண்ணீரில் இருப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி கரையோரமாகவே வடக்கே நடக்க ஆரம்பித்தாள்.

ஒருவன் பார்த்துவிட்டான். "ஏய், எஞ்சட்ட" என்று சத்தம் போட்டுக்கொண்டு கரைக்கு வந்தான். பின்னாலேயே மற்றவர்களும் ஓடி வந்தார்கள். அவள் வேகமாக நடந்தாள். அவர்கள் துரத்தினார்கள். கடைசி ஆளும் தண்ணீரை விட்டு ஏறி, ஈர மணலையும் தாண்டி வந்த பிறகுதான் அவள் நின்றாள். நாங்களும் மூச்சு வாங்கப் போய்ச் சேர்ந்தோம்.

"இன்னாம்மா நீ? பட்டப்பகல்ல துணி தூக்கினு போற. வெக்கமா இல்ல?" என்று முதலில் வந்தவன் கையை ஓங்கினான்.

பச்சையம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். "பொங்கலுக்கு வந்தாம்பா எந்தம்பி. அங்கதான் எறங்கினான். அவன் சட்ட இன்னும் எங்கிட்டதான் கீது" என்றாள். "உஞ்சட்ட எதுன்னு சொல்லு, எடுத்துக்க."

அவன் ஓங்கிய கை அப்படியே இறங்கியது. மற்றவர்கள் திரும்பித் தண்ணீரைப் பார்த்தார்கள். அவன் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையைக் காட்டினான். வாங்கி உடம்பில் மாட்டிக்கொண்டான். ஈரத்தில் துணி ஒட்டிக்கொண்டது, பொத்தான் ஓட்டைக்குள் போகவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்து விட்டுவிட்டான்.

பச்சையம்மாள் மிச்சத் துணிகளை டீச்சர் கையில் கொடுத்தாள். அவனைக் கிட்டே இழுத்து, மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பொத்தானைப் போட்டுவிட்டாள்.